பக்கத்து வீட்டுக்காரரோடு எல்லைத் தகராறா? கடை வாசலில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாலுகா ஆபீசுக்கு எதிரே டைப்பிங், ஜெராக்ஸ், மனு எழுதிக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். நான் வக்கீலும் இல்லை, சர்வேயரும் இல்லை. ஆனால் எல்லைத் தகராறு என்று வருகிறவர்கள் எதிரே உள்ள ஆபீசுக்குள் நுழைவதற்கு முன் என் பெஞ்சில்தான் உட்கார்ந்து மூச்சு வாங்குவார்கள். அவர்கள் கேட்பதையும், நான் சொல்வதையும், என்னைத் திருத்திய வக்கீல்களும் ஓய்வு பெற்ற சர்வேயர் ஒருவரும் சொன்னதையும் சேர்த்து எழுதியிருக்கிறேன். எல்லாம் தமிழ்நாட்டுக்கு உரியது.

அக்கா, பக்கத்து வீட்டுக்காரர் என் இடத்துக்குள்ள ஒரு அடி வந்துட்டார். முதல்ல நான் எங்க போகணும்?

வீட்டுக்குப் போய் பீரோவைத் திறங்கள். உங்கள் பத்திரம், அதற்கு முந்தைய மூலப் பத்திரம், பட்டா, புல வரைபடம் (எல்லோரும் எப்எம்பி என்று சொல்வது) ஆகிய நான்கும் ஒரே பையில் இருக்க வேண்டும். பட்டாவையும் வரைபடத்தையும் அரசின் இ-சேவை இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் கொடுத்து எடுத்துவிடலாம்.

ஐந்தாவதாக ஒன்று உண்டு. அதைத்தான் யாரும் கொண்டுவருவதில்லை: பக்கத்து வீட்டுக்காரருடைய பத்திரம். அவரிடம் போய்க் கேட்க வேண்டியதில்லை. வில்லங்கச் சான்று (அந்தச் சொத்தின் மேல் பதிவான ஆவணங்களின் பட்டியல்) போட்டு ஆவண எண்ணைக் கண்டுபிடித்து, சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் மனு கொடுத்தால் கிடைக்கும். கிரையப் பத்திரத்தின் நகலை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். உங்கள் கிழக்கு எல்லை என்ன என்று அவருடைய பத்திரத்தின் மேற்கு எல்லையும் சொல்லும். இரண்டும் ஒத்துப்போனால் பாதி சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

பட்டா என் பேர்ல இருக்கு. அப்ப இடம் எனக்குத்தானே?

பட்டா வருவாய்த் துறையின் பதிவு. அது மட்டுமே உரிமையைத் தந்துவிடாது, உரிமைக்கு அடிப்படை பத்திரம்தான் என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. அதற்காகப் பட்டாவைத் தூக்கிப் போடவும் வேண்டாம். அனுபவத்தைக் காட்ட அதுவும் ஒரு சான்று. அதோடு, அது இல்லாமல் சர்வேயரைக் கூப்பிடவே முடியாது.

பத்திரத்துல 2400 சதுர அடி. பட்டாவைக் கணக்குப் போட்டா குறையுது. மிச்சத்தை அவர்தானே எடுத்திருக்கணும்?

இந்தக் கேள்விக்காகவே இதையெல்லாம் எழுத உட்கார்ந்தேன் என்றுகூடச் சொல்லலாம். போன ஆடியில் ஒருவர் வந்தார். 40க்கு 60 மனை. பத்திரத்தில் 2400 சதுர அடி, பட்டாவில் 2.20 ஏர். ஒரு ஏர் என்பது 100 சதுர மீட்டர், அதாவது சுமார் 1076 சதுர அடி. 2.20 ஏருக்கு 2368 சதுர அடி வருகிறது. 32 சதுர அடியைக் காணோம். அதை 60 அடி நீளத்தால் வகுத்தால் ஆறரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக வரும். "அரை அடியைத் தின்னுட்டான்" என்று அவர் ஆறு மாதமாகப் பக்கத்து வீட்டோடு பேசவில்லை. 2400 சதுர அடிக்குச் சரியான கணக்கு 2.23 ஏர். யாரோ 2.20 என்று முழுமையாக்கி எழுதிவிட்டார்கள். அவ்வளவுதான். மண்ணில் இடம் அப்படியே இருந்தது.

அதனால் முதலில் அலகை மாற்றிப் பாருங்கள். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. "அஞ்சரை சென்ட்" என்று வாய்க்கணக்கில் சொல்வது 2396 சதுர அடி ஆகிறது, 2400 அல்ல. இந்த வித்தியாசங்களையெல்லாம் பக்கத்து வீட்டுக்காரர் தலையில் கட்டக்கூடாது.

கணக்குப் போட்ட பிறகும் உண்மையிலேயே குறைகிறது என்றால், பத்திரத்தில் சொத்து விவரத்தைப் பாருங்கள். நான்கெல்லை (செக்குபந்தி) ஒன்று சொல்லி, விஸ்தீரணம் வேறொன்று சொன்னால், பொதுவாக நான்கெல்லைக்குத்தான் முதலிடம். "இன்னார் வீட்டுச் சுவருக்கு மேற்கு" என்று எழுதியிருந்தால் அந்தச் சுவர்வரைதான் உங்களுக்கு விற்றார்கள். சதுர அடியைக் கூட்டிப் போட்டது விற்றவர் செய்த தப்பு. உங்கள் சண்டை விற்றவரோடு, பக்கத்து வீட்டோடு அல்ல.

எப்எம்பி எடுத்தேன். கோடு கோடா இருக்கு, நம்பர் எதுவும் அடியில இல்லையே?

புது வரைபடம் என்றால் எண்கள் மீட்டரில் இருக்கும், பழையது என்றால் கண்ணியில் (லிங்க்). அந்தக் காலத்துச் சர்வே சங்கிலி 66 அடி நீளம், அதில் 100 கண்ணிகள். ஆக ஒரு கண்ணி 7.92 அங்குலம், எட்டு அங்குலத்துக்கு ஒரு நூல் குறைவு என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்ணை அடியாக்க 0.66 ஆல் பெருக்குங்கள்.

இதில் ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. முழுக் கண்ணிகளில் எழுதிய படத்தால் மூன்று நான்கு அங்குலச் சண்டையைத் தீர்க்க முடியாது. படத்தின் நுணுக்கமே அவ்வளவுதான். மூன்று அங்குலத்துக்காகச் சர்வேயரைக் கூப்பிடுகிறவர்களிடம் நான் இதைச் சொல்லிவிடுவேன். சிலர் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனதும் உண்டு.

சர்வேயரை எப்படி வரவைக்கிறது? உள்ள யாரையாவது தெரிஞ்சிருக்கணுமா?

வேண்டாம். எல்லை அளந்து காட்டக் கோரி இணையத்திலோ இ-சேவை மையத்திலோ விண்ணப்பித்துக் கட்டணத்தைக் கட்டலாம். ஆபீசில் இதை 'எப் லைன்' மனு என்பார்கள். ரசீது எண்ணைப் பத்திரமாக வையுங்கள். அதற்கு மேல் யாருக்கும் எதுவும் தரவேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருந்தால் முதலில் பெயர் மாற்றம். கூட்டுப் பட்டா என்றால் மற்ற பங்குதாரர்களிடம் சொல்லிவிட்டு மனு போடுங்கள். அளக்கிற அன்றைக்குச் சித்தப்பா வந்து "யாரைக் கேட்டு அளக்கிறே" என்று நின்றால் பக்கத்து வீட்டுக்காரருக்குத்தான் கொண்டாட்டம்.

சர்வேயர் வர்ற அன்னிக்கு நான் என்ன செய்யணும்?

ஒரு கடப்பாரை, ஒரு மண்வெட்டி, புதரை வெட்ட ஓர் அரிவாள். சிரிக்காதீர்கள். எங்கள் சொந்த வீட்டை அளந்த அன்று சர்வேயர் படத்தைப் பார்த்துவிட்டு, "இந்த மூலையில ஒரு கல் இருக்கணுமே" என்றார். அங்கே இருந்தது ஒரு குப்பைமேடு. அப்பாவும் எதிர்த் தரப்பான பெரியப்பாவும் ஆளுக்கு ஒரு பக்கம் முறைத்துக்கொண்டு நின்றார்கள். அரை மணி நேரம் தோண்டிய பிறகு கடப்பாரை 'ணங்' என்றது. தலையில் அம்புக்குறி வெட்டிய கருங்கல், இரண்டடி ஆழத்தில். அதைப் பார்த்ததும் முதலில் குனிந்து மண்ணைத் துடைத்தது பெரியப்பாதான். இரண்டு பேருமே எல்லை என்று நம்பிக்கொண்டிருந்த பூவரச மரத்துக்கும் அந்தக் கல்லுக்கும் சம்பந்தமே இல்லை.

சர்வேயர் உங்கள் சுவரிலிருந்து அளக்க ஆரம்பிக்க மாட்டார். இப்படித் தெரிந்த கற்களில் இரண்டைப் பிடித்து, ஒன்றுக்கொன்று தூரம் படத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டு, அங்கிருந்துதான் உள்ளே வருவார். அவர் எந்தக் கல்லிலிருந்து தொடங்கினார் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் கேள்வியில் அது உதவும். அளந்த இடங்களைச் செல்போனில் படம் எடுங்கள். ஒவ்வொரு படத்திலும் வீடோ மின்கம்பமோ பின்னணியில் தெரியட்டும். வெறும் மண்ணையும் குச்சியையும் எடுத்த படம் எந்த இடம் என்று ஒரு மாதம் கழித்து உங்களுக்கே தெரியாது.

அவர் நோட்டீசையே வாங்க மாட்டேங்கிறார். வராம இருந்தா அளக்க முடியாதா?

அளக்கலாம். பக்கத்து நிலக்காரர்களுக்குத் தகவல் கொடுப்பது முறை. கொடுத்த பிறகும் வரவில்லை என்பதால் வேலை நிற்காது. வந்து தடுத்தால் சர்வேயர் அப்படியே அறிக்கை எழுதிவிட்டுப் போய்விடுவார். அப்போது தாசில்தாரிடம் மனு கொடுத்துப் போலீஸ் பாதுகாப்போடு மறுபடி தேதி வாங்க வேண்டியிருக்கும். என் அனுபவத்தில், நோட்டீசைக் கொடுப்பதற்கு முதல் நாள் நேரில் போய், "அண்ணே, நாளைக்கு அளக்க வர்றாங்க, நீங்களும் நின்னு பாருங்க" என்று ஒரு வார்த்தை சொன்னவர்களுக்கு இந்தச் சிக்கல் குறைவாகத்தான் வந்திருக்கிறது.

எங்களோடது மனைப்பிரிவு. "பிளாட்டெல்லாம் என் படத்துல இல்லை"ன்னு சர்வேயர் சொல்லிட்டார். இது நியாயமா?

நியாயம்தான். புல வரைபடம் சர்வே எண்ணையும் உட்பிரிவையும்தான் காட்டும். ஒரு சர்வே எண்ணில் நாற்பது மனை போட்டு விற்று, ஒருவரும் உட்பிரிவு செய்யவில்லை என்றால், அவர் படத்தில் அது இன்னமும் ஒரே வயல். உங்களுக்கு வேண்டியது அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவு வரைபடம். முதலில் உட்பிரிவு பட்டாவுக்கு மனு போடுங்கள். உட்பிரிவு செய்யும்போதே அளவும் நடந்துவிடும்.

மனைப்பிரிவில் நான் பார்க்கிற பெரிய குழப்பம் வேறு. தெருவின் முதல் வீட்டுக்காரர் ஒரு அடி தள்ளிக் கட்டியிருப்பார். அடுத்தவர் அந்தச் சுவரிலிருந்து 40 அடி அளந்து கட்டியிருப்பார். இப்படியே ஏழு வீடு. எட்டாவது காலிமனைக்காரர் அளந்து பார்க்கும்போது 39 அடிதான் இருக்கும். அவர் ஏழாவது வீட்டுக்காரரோடு சண்டைக்குப் போவார். ஏழாவது வீட்டுக்காரர் பத்திரத்தில் உள்ள 40 அடிக்கு மேல் ஒரு அங்குலம்கூட வைத்திருக்க மாட்டார். உங்கள் நிலை இதுதானா என்று தெரிய, உங்கள் மனையை மட்டும் அளந்தால் போதாது. தெரு முனையிலிருந்து டேப்பைப் பிடித்து எல்லா மனைகளின் முகப்பையும் அளந்து பாருங்கள்.

தனியார் சர்வேயர் மிஷின் வச்சு அளந்து கொடுத்தார். அது செல்லுமா?

பேச்சுவார்த்தைக்கு நல்லது. டோட்டல் ஸ்டேஷன் என்ற அந்த மின்னணு அளவைக் கருவியில் துல்லியமாகவே அளப்பார்கள். ஆனால் அவர்கள் நட்ட கல் அரசு நட்ட கல் ஆகாது.

அளந்து கல் நட்டுட்டுப் போனாங்க. ராத்திரியோட ராத்திரியா பிடுங்கிட்டாங்க அக்கா!

நீங்களே திரும்ப நட்டுவிடாதீர்கள். குழி இருக்கும்போதே படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலருக்கும் தாசில்தாருக்கும் எழுத்தில் புகார் கொடுத்து, போலீசிலும் கொடுங்கள். அரசு அதிகாரத்தால் நடப்பட்ட எல்லைக் கல்லை அழிப்பதும் நகர்த்துவதும் குற்றம். பாரதிய நியாய சம்ஹிதாவின் 326ஆம் பிரிவில் இதற்கு ஓராண்டு வரை சிறை உண்டு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இது 434ஆம் பிரிவு.

மத்த எதுக்குப் போனாலும் போலீஸ்ல "இது சிவில் மேட்டர்"னு அனுப்பிடறாங்களே?

எல்லை எது என்று தீர்மானிப்பது அவர்கள் வேலை இல்லை, அதனால் அனுப்புகிறார்கள். அடித்தது, மிரட்டியது, வேலியைப் பிரித்து எறிந்தது, கல்லைப் பிடுங்கியது இவற்றுக்குத்தான் அங்கே போக வேண்டும். மனுவில் முதல் மூன்று பக்கம் தாத்தா காலத்துக் கதையை எழுதி, கடைசி வரியில் "அடித்தார்" என்று எழுதினால் சிவில் மேட்டர் என்றுதான் சொல்வார்கள். நடந்த சம்பவம், தேதி, நேரம், பார்த்தவர்கள். இதை முதல் பத்தியில் எழுதுங்கள்.

சர்வேயர் அளந்ததே தப்பு. அவர் சொன்னா முடிஞ்சுதா?

முடியவில்லை. எந்தக் கல்லிலிருந்து அளந்தார் என்று குறிக்கச் சொன்னேனே, அதை வைத்து "இன்ன கல் இடம் மாறியது, அதிலிருந்து அளந்ததால் தவறு வந்தது" என்று காரணத்தோடு மறு அளவீடு கேளுங்கள். "எனக்குத் திருப்தி இல்லை" என்பது காரணம் ஆகாது.

ஒரு எச்சரிக்கை. நீங்கள் பணம் கட்டி அளப்பது வேறு, 1923ஆம் ஆண்டு நில அளவை மற்றும் எல்லைகள் சட்டப்படி ஊருக்கே சர்வே நடத்தி, முடிந்ததாக அரசிதழில் அறிவிப்பது வேறு. அந்த அறிவிப்பு வந்துவிட்டால், எல்லையை எதிர்த்து சிவில் வழக்குப் போட மூன்று ஆண்டுதான் அவகாசம். ஊரில் மறு சர்வே நடந்தால் நோட்டீசைப் பொட்டலம் மடிக்கப் பயன்படுத்தாதீர்கள்.

சுவர் கட்டிப் பன்னிரண்டு வருஷம் ஆச்சு, இனி இது என் இடம்னு சொல்றார். அப்படி ஒரு சட்டம் இருக்கா?

இருக்கிறது, ஆனால் அவர் நினைப்பதுபோல எளிதாக இல்லை. 1963ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டப்படி, உரிமையை வைத்து இடத்தை மீட்க வழக்குப் போட 12 ஆண்டு அவகாசம். அனுபவம் எதிரிடையாக மாறிய நாளிலிருந்து அந்தக் கணக்கு ஓடும். அவகாசம் போனால் உங்கள் உரிமையும் போய்விடும். 2019இல் உச்ச நீதிமன்றம், இப்படி உரிமை பெற்றவர் அதைக் காட்டித் தானே வழக்குத் தொடுக்கவும் முடியும் என்று சொல்லியிருக்கிறது.

ஆனால் வெளிப்படையாக, இடைவிடாமல், உங்கள் உரிமையை மறுத்து அனுபவித்தேன் என்று நிரூபிக்க வேண்டியது அவர். "மாடு கட்டிக்கோங்க" என்று நீங்கள் அனுமதித்த இடம் இதில் வராது. அரசு நிலத்துக்கு இந்தக் கணக்கு 30 ஆண்டு. பதினோராவது வருடத்தில் இருக்கிறீர்கள் என்றால் என் பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டாம். இன்றைக்கே வக்கீலைப் பாருங்கள்.

கோர்ட்டுக்குப் போனா பேரன் காலத்துலதான் முடியும்ங்கிறாங்க. போகலாமா, வேண்டாமா?

அவர் கட்டிட வேலையை ஆரம்பித்துவிட்டார் என்றால் போகத்தான் வேண்டும். நிரந்தரத் தடை உத்தரவு கேட்டு வழக்குப் போட்டு, இடைக்காலத் தடையும் கேட்பார்கள். உரிமையே சந்தேகத்தில் இருந்தால் வெறும் தடை உத்தரவு கேட்டால் போதாது, இடம் உங்களுக்கே சொந்தம் என்று நீதிமன்றம் அறிவிக்க வேண்டும் (உரிமை விளம்புகை) என்றும் கேட்க வேண்டும். இதில் தவறு செய்து பத்து வருடம் கழித்துத் தோற்றவர்களை எனக்குத் தெரியும். எல்லை வழக்கில் வழக்கமாக ஒரு வக்கீல் ஆணையரை நியமிக்கச் சொல்லி மனு போடுவார்கள். அவர் சர்வேயரோடு வந்து அளந்து, படத்தோடு அறிக்கை கொடுப்பார். பல வழக்குகள் அந்த அறிக்கை வந்ததும் தளர்ந்துவிடும்.

எதிர்த்தரப்பு முந்திக்கொண்டு உங்களைக் கேட்காமலே தடை வாங்கிவிடுமோ என்று பயந்தால் கேவியட் மனு, அதாவது என்னைக் கேட்காமல் உத்தரவு போடாதீர்கள் என்று முன்கூட்டியே கோரும் மனு, போடுங்கள். அது 90 நாள் செல்லும்.

வழக்கு நடக்கும்போதும், வழக்கே போடாமலும், மக்கள் நீதிமன்றத்துக்குப் போகலாம். இரண்டு பேரும் ஒத்துக்கொண்டால் அங்கே எழுதப்படும் முடிவு நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். தாலுகா அளவிலேயே சட்டப் பணிகள் குழு இருக்கிறது. கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

பெரியவங்க வச்சுப் பேசி முடிச்சாச்சு. அந்த ஒரு அடியை எனக்கே விட்டுத் தந்துடறார். இருபது ரூபாய் பத்திரத்துல எழுதி வாங்கிக்கலாமா?

"இதுதான் எல்லை" என்று இருவரும் ஒப்புக்கொண்டு எழுதுவது ஒன்று. அவருக்குச் சொந்தமான இடத்தை உங்களுக்குத் தருவது வேறு. இரண்டாவதற்குப் பதிவு கட்டாயம். பதிவில்லாத முத்திரைத்தாள் அவர் பிள்ளைகள் காலத்தில் உங்களைக் காப்பாற்றாது. நீங்கள் பின்பக்கம் ஒரு அடி கொடுத்து முன்பக்கம் ஒரு அடி வாங்குகிறீர்கள் என்றால் பரிவர்த்தனைப் பத்திரம் என்றே ஒன்று உண்டு. சர்வேயர் அளந்த படத்தை அதோடு இணைத்து, பதிந்த கையோடு பட்டாவிலும் மாற்றிவிடுங்கள்.

அவர் தென்னை மரம் என் ஓட்டு மேல சாய்ஞ்சிருக்கு. வெட்டிடலாமா?

உங்கள் பக்கம் நீண்டிருக்கும் கிளையை, சொல்லிவிட்டு, எல்லைவரை வெட்டலாம். மரத்தை வெட்ட முடியாது. தென்னைக்குக் கிளை எங்கே இருக்கிறது? விழுந்தால் ஆளுக்கு ஆபத்து என்றால் கோட்டாட்சியரிடம் மனு கொடுங்கள். ஆபத்தான மரத்தை அகற்ற உத்தரவிட அவருக்கு அதிகாரம் இருக்கிறது.

எல்லாம் முடிஞ்சு சுவர் கட்டப் போறேன். கல்லுக்குக் கல் நூல் பிடிச்சுக் கட்டிடலாம்ல?

நூலுக்கு நடுவில் சுவர் வந்தால் பாதிச் சுவர் அவர் இடத்தில் நிற்கும். அது பொதுச்சுவர் என்று இருவரும் ஒப்புக்கொண்டு செலவைப் பகிர்ந்தால் சரி. இல்லையென்றால் சுவரின் வெளிமுகம் நூலைத் தொட வேண்டும், தாண்டக்கூடாது.

மேஸ்திரிகள் இதைச் சரியாகச் செய்துவிடுவார்கள். கோட்டை விடுவது மண்ணுக்கு அடியில்தான். சுவர் ஒன்பது அங்குலம் என்றாலும் அஸ்திவாரம் இரண்டடி அகலத்துக்குத் தோண்டுவார்கள். சுவரை நடுவில் வைத்தால் ஏழரை அங்குலம் அடியில் பக்கத்து இடத்துக்குள் போய்விடும். நாளைக்கு அவர் போர்வெல் பைப் பதிக்கவோ தூண் எடுக்கவோ தோண்டும்போது உங்கள் கான்கிரீட் தட்டுப்படும். பிறகு அவர் என் பெஞ்சில் வந்து உட்காருவார். அதனால் மேஸ்திரியிடம் முன்கூட்டியே சொல்லி, அஸ்திவாரத்தின் அகலம் முழுவதும் உங்கள் பக்கமே விழுகிறமாதிரி அமைக்கச் சொல்லுங்கள். அப்படிச் செய்தால் சுவர் ஒரு பக்கமாகச் சாயாமல் இருக்க இடையிடையே தூண் வேண்டும், அதற்கு ஒரு இன்ஜினியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். குழி வெட்டிய அன்று, கான்கிரீட் போடுவதற்கு முன், பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு நூலையும் குழியையும் காட்டிவிட்டு ஒரு போட்டோ எடுத்து வையுங்கள்.